மூளைக் காயமும் மூன்று மா நிலமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூளைக் காயத்துக்கு ஸ்டெம் செல்லும் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்) நானோ மருந்தும் (மிக நுண்ணிய துகளில் ஏற்றிய மருந்து) எப்படி உதவக்கூடும் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். என் அண்ணன் 2 வருடம் முன்பு பைக்கிலிருந்து விழுந்தார். பிழைத்துவிட்டார், ஆனால் வலது கை இன்னும் சரியாக வரவில்லை. ஒரு தனியார் மையத்தில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும், 6 லட்சம் ஆகும் என்கிறார்கள். 3 மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர் நன்செய் இருக்கிறது. விற்றுவிடலாமா?

வாசகர், வலங்கைமான்

அன்புள்ள தம்பி,

விற்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

அடிபட்ட நொடியில் சாகும் செல்கள் ஒரு பங்குதான். ஆற்றில் உடைப்பெடுத்தால் கரை போவது ஒரு ராத்திரியில் முடிந்துவிடும். தண்ணீர் வடியாமல் நின்று பயிர் அழுகுவது அதற்கப்புறம். மூளையிலும் வீக்கம், அழற்சி, சேதமான செல்களிலிருந்து கொட்டும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் எல்லாம் சேர்ந்து பல நாள் வரை பக்கத்துச் செல்களைக் கொல்லும். ஆராய்ச்சியாளர்கள் தடுக்கப் பார்ப்பது இதைத்தான். மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரோ பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாது. அதனால் தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும் நானோ துகள்களில் மருந்தை ஏற்றி அனுப்பிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் எலிகளில்.

ஸ்டெம் செல் இன்னும் சிக்கல். நாற்று பச்சைப்பசேலென்று இருந்தாலும் சேறு பக்குவப்படாத வயலில் வேர் பிடிக்காது. அழற்சி அடங்காத மூளையில் வைக்கும் செல்களில் பெரும்பகுதி செத்துவிடுகிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கும் செல்கள் பிழைத்தாலும் பொதுவாகப் புது நரம்பு செல்லாக மாறுவதில்லை. அக்கம்பக்கச் செல்களுக்கு உதவும் புரதங்களைச் சுரக்கின்றன. செல்கள் தங்கிப் பிழைக்க நானோ இழைகளில் படுக்கை அமைக்கும் வேலையும் நடக்கிறது. எனக்கு அதில்தான் பெரிய நம்பிக்கை.

ஜப்பான் 2024ல் ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு ஒப்புதல் தந்தது, மூளைக் காயத்தால் கைகால் இயக்கம் குறைந்தவர்களுக்காக. அதுவும் நிபந்தனையோடு, காலக்கெடுவோடு. அது கையில் போடும் ஊசி இல்லை, மண்டையைத் துளைத்துக் காயத்தைச் சுற்றி வைப்பது.

நம் நாட்டில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவது மாதிரி ஒப்புதல் பெற்ற சிலவற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் ஆய்வுதான். ஆய்வில் சேர்பவரிடம் பணம் வாங்கக் கூடாது.

என் சித்தப்பா மகனும் திருவையாறு சாலையில் விழுந்தவன். ஓரிடத்தில் பணம் கட்டி 3 ஊசி போட்டோம். ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. பிறகு பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, தினமும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துச் சொம்பில் போடுவான். முதல் மாதம் கட்டைவிரல் மற்ற விரலோடு சேரவே இல்லை. கொட்டை வழுக்கி ஓடும். சித்தி பொறுக்கி வந்து மறுபடி வைப்பார். எட்டாம் மாதம் சொம்பு நிறைந்தது. இப்போது தானே சோறு பிசைந்து சாப்பிடுகிறான். எல்லோருக்கும் இவ்வளவு திரும்பாது, ஆனால் 2 வருடம் ஆகிவிட்டதே என்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

கடைசி ஸ்கேனையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். அந்த மையத்தில் சிடிஆர்ஐ, அதாவது இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் அரசுப் பதிவேட்டில் உள்ள பதிவு எண்ணைக் கேளுங்கள். கொடுத்தால் எனக்கு அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன்.