கான்ட்யூட் (ஒயர் செல்லும் குழாய்), டிரங்கிங் (ஒயர் செல்லும், மூடியுள்ள நீள்பெட்டி) எப்படித் தேர்ந்தெடுப்பது: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 20 மி.மீ. பிவிசி குழாயில் 2.5 சதுர மி.மீ. ஒயர் எத்தனை இழுக்கலாம்? பத்து ஒயர்கள் நுழைகின்றன, அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். 20 மி.மீ. என்பது குழாயின் வெளிவிட்டம். உள்விட்டம் 17 மி.மீ. என்று கொண்டால் உட்பரப்பு சுமார் 227 சதுர மி.மீ. வரும். மூன்றோ அதற்கு மேலோ ஒயர்கள் செல்லும் குழாயில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அதன்படி நமக்குக் கிடைப்பது 91 சதுர மி.மீ. ஒயரில் குறித்திருக்கும் 2.5 செம்பின் பரப்பு மட்டுமே. இன்சுலேஷனையும் சேர்த்தால் விட்டம் 4 மி.மீ. அளவுக்கு வருவதால், ஒவ்வொரு ஒயரும் 12.6 சதுர மி.மீ. இடத்தைப் பிடிக்கும். ஆகவே ஏழு ஒயர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த ஏழும் எத்தனை சர்க்கியூட்டுகளைச் சேர்ந்தவை என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே குழாயில் இரண்டு சர்க்கியூட்டுகள் முழுச் சுமையில் ஓடினால் ஒவ்வொன்றின் மின்தாங்கு திறனையும் 80 சதவீதமாகவும், மூன்று ஓடினால் 70 சதவீதமாகவும் குறைத்துக் கணக்கிட வேண்டும். அளவுக்கு மீறித் திணிக்கப்பட்ட ஒரு குழாயை நான் பிரித்தபோது, வளைவின் உட்பக்கம் உரசியிருந்த சிவப்பு ஒயரின் உறை ஒரு விரல் நீளத்துக்குச் சீவப்பட்டு, அடியில் செம்பு ஊசிமுனையளவு தெரிந்தது. இழுத்த அன்று யாருக்கும் அது தெரிந்திருக்காது.

கேள்வி: கணக்குப்படி இடம் இருந்தும், மூன்று பெரிய கேபிள்கள் வளைவில் சிக்கிக்கொண்டன. ஏன்?

பதில்: குழாயின் உள்விட்டத்தைக் கேபிளின் வெளிவிட்டத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 2.8க்கும் 3.2க்கும் இடையில் இருந்தால், முக்கோணமாகச் செல்லும் மூன்று கேபிள்களும் வளைவில் ஒரே வரிசையாகச் சரிந்து ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். 51 மி.மீ. உள்விட்டக் குழாயில் 17 மி.மீ. கேபிள்கள் மூன்று 33 சதவீத இடத்தைத்தான் நிரப்புகின்றன. ஆனால் விகிதம் சரியாக 3. அடுத்த பெரிய அளவுக் குழாயைப் போடுவதே நல்லது. விசையைக் கூட்டி இழுத்தால் கேபிள்தான் பாழாகும்.

கேள்வி: மூன்று பேஸ்களின் ஒற்றைக் கோர் (உள்ளே ஒரே கடத்தி உள்ள) கேபிள்களைத் தனித்தனி இரும்புக் குழாய்களில் கொண்டு செல்லலாமா?

பதில்: மாறுதிசை மின்சாரத்தில் கூடவே கூடாது. ஒரு கேபிள் மட்டும் இரும்புக் குழாய்க்குள் சென்றால், அதன் காந்தப்புலத்தை ஈடுசெய்ய உள்ளே வேறு மின்னோட்டம் இல்லாததால், குழாயின் சுவரிலேயே சுழல் மின்னோட்டம் எழுந்து குழாய் சூடாகிவிடும். ஒரு சர்க்கியூட்டின் பேஸ்கள், நியூட்ரல், எர்த் எல்லாம் ஒரே குழாயிலோ ஒரே இரும்பு டிரங்கிங்கிலோ சேர்ந்தே செல்ல வேண்டும். பெட்டிக்குள் நுழையும் துளைக்கும் இதே விதிதான். குழாயைச் சரியாகப் போட்டுவிட்டு இரும்புப் பெட்டியில் கேபிளுக்கு ஒரு துளை வீதம் போடுகிறவர்கள் பலர்.

கேள்வி: நெட்வொர்க் கேபிளை மின் ஒயர்களோடு ஒரே டிரங்கிங்கில் போடலாமா?

பதில்: நடுவில் தடுப்புச் சுவர் உள்ள, தனித்தனி அறைகளாகப் பிரிந்த டிரங்கிங் என்றால் போடலாம். கேட்6 கேபிளை 110 நியூட்டனுக்கு மேல் இழுக்கவும், அதன் விட்டத்தின் நான்கு மடங்குக்கும் குறைவான ஆரத்தில் வளைக்கவும் வேண்டாம்.

கேள்வி: வெயில் படும் சுவரில் போட்ட பிவிசி குழாய் பாம்புபோல் நெளிந்துவிட்டது. கிளாம்ப்புகளைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: சரியாகாது. பிவிசி ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.07 மி.மீ. நீள்கிறது. நான்கு மீட்டர் ஓட்டம் 30 டிகிரி சூடேறினால் எட்டு மி.மீ.க்கு மேல் நீளும். அந்த நீளத்துக்குப் போக்கிடம் இல்லாததால்தான் நெளிகிறது. குழாய் நீளவும் சுருங்கவும் இடம் தரும் விரிவு இணைப்பு ஒன்றைச் சேர்த்து, குழாய் வழுக்கிச் செல்லும்படி கிளாம்ப்புகளைத் தளர்வாக வையுங்கள்.

கேள்வி: தீ எச்சரிக்கைக்கான தீத்தாங்கும் கேபிளுக்குப் பிளாஸ்டிக் டிரங்கிங் போதுமா?

பதில்: டிரங்கிங் பிளாஸ்டிக்காக இருக்கலாம், ஆனால் கேபிளைத் தாங்கும் பொறுப்பை அதனிடம் விட முடியாது. தீயில் மூடி இளகிக் கழன்றதும் கேபிள்கள் தொங்கி, வெளியேறுகிறவர்களையும் தீயணைப்பு வீரர்களையும் சிக்க வைக்கும். டிரங்கிங்குக்கு உள்ளேயே உலோகக் கிளிப்புகளை வைத்து, பிளாஸ்டிக் ஆணிச்செருகிகளை நம்பாமல், உலோகத் திருகுகளால் நேரடியாகச் சுவரில் இறுக்குங்கள்.