இன்சூரன்ஸ் எடுத்தா அவிசுவாசம், 20 வருஷ லோன் எடுத்தா விசுவாசமா?

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்கு போறோம். அவர் ஒரு பெரிய வீடு பார்த்து வச்சிருக்கார், லோன் போட்டா எங்க ரெண்டு பேர் சம்பளத்துல பாதிக்கு மேல இஎம்ஐக்கே போயிடும். கொஞ்சம் பணம் சேர்த்து வச்சுட்டு வாங்கலாம், ஒரு டேர்ம் இன்சூரன்ஸாவது (குறிப்பிட்ட வருஷத்துக்குள்ள இறந்துட்டா குடும்பத்துக்கு பணம் வர்ற பாலிசி) எடுக்கலாம்னு சொன்னா "அதெல்லாம் அவிசுவாசம், கர்த்தர் பார்த்துக்குவார், லோன் அப்ரூவ் ஆனதே அவர் சித்தம்தான்"ங்கறார். நீங்க எதிர்பார்க்கற முடிவை தருவேன்னு கர்த்தர் சொல்ற எரேமியா 29:11 வசனத்தையும் காட்டறார். எனக்குத்தான் விசுவாசம் குறைவா பிரதர்?

பதில்: சிஸ்டர், உங்க விசுவாசத்தை அளக்கற தராசு என்கிட்ட இல்ல, ஆனா உங்க வீட்டுக்காரர் கணக்கை தலைகீழா போட்டிருக்கார்னு மட்டும் தைரியமா சொல்லுவேன்.

யாக்கோபு 4ம் அதிகாரம் கடைசியில யாரைக் கண்டிக்கறார்னு ஒரு தடவை பாருங்க, இன்னைக்கோ நாளைக்கோ இன்ன ஊருக்கு போவோம், ஒரு வருஷம் தங்குவோம், வியாபாரம் பண்ணி சம்பாதிப்போம்னு அடிச்சு சொல்றவங்களை. திட்டம் போட்டதுக்காக இல்ல, நாளைக்கு என்ன நடக்கும்னு தெரிஞ்ச மாதிரி பேசினதுக்காக. இப்ப ஹோம் லோன் அக்ரிமென்ட்னா என்னன்னு யோசிங்க. "அடுத்த 240 மாசமும் எனக்கு சம்பளம் வரும், உடம்பு நல்லா இருக்கும், கம்பெனி இருக்கும்"னு நீங்க கையெழுத்து போட்டு குடுக்கற வாக்குதான் அது. அந்த வியாபாரிங்க ஒரு வருஷத்துக்குத்தான் பேசினாங்க, இவர் 20 வருஷத்துக்கு பேசறார்! லோன் எடுக்கறதே பாவம்னு நான் சொல்லல, நிறைய பேர் எடுத்து நல்லபடியா கட்டி முடிச்சிருக்காங்க. ஆனா யாக்கோபு அங்க சொல்லச் சொல்ற "ஆண்டவருக்குச் சித்தமானால்"ங்கறதை வாயில சொல்லிட்டு, அவர் சித்தம் வேற மாதிரி இருந்தா ஒரு மாசம்கூட தாக்குப்பிடிக்க முடியாத மாதிரி பட்ஜெட் போட்டா, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? எமர்ஜென்சி ஃபண்ட், இன்சூரன்ஸ் எல்லாம் "நாளைக்கு நடக்கறது எனக்கு தெரியாது"ன்னு ஒத்துக்கறதுதான, யாக்கோபு கேக்கறதும் அதைத்தான்.

சித்தம் தெரிஞ்சவங்களே சேர்த்துத்தான் வச்சாங்க. ஆதியாகமம் 41ல 7 வருஷம் செழிப்பு, 7 வருஷம் பஞ்சம்னு தேவனே சொப்பனத்துல முன்கூட்டியே காட்டிட்டார், யோசேப்பு அதுக்கப்புறம் "அவர் பார்த்துக்குவார்"னு சும்மா உக்காரல, நல்ல வருஷத்துலயே விளைச்சல்ல ஐந்துல ஒரு பங்கு எடுத்து வைக்கணும்னுதான் பார்வோன்கிட்ட சொன்னார். பஞ்சம் எப்ப வரும்னு தெரிஞ்ச ஆளே 20% எடுத்து வச்சார், நமக்கு அது எப்ப வரும்னே தெரியாது.

அப்புறம் அந்த "லோன் அப்ரூவ் ஆச்சு, அதான் அடையாளம்" விஷயம். எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வருது சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. பேங்க் பார்த்தது உங்க சம்பள ஸ்லிப், பழைய கடன் கட்டின ஹிஸ்டரி, வீட்டோட பத்திரம், இவ்வளவுதான். நீங்க கட்டலைன்னா வீட்டை வித்து எடுத்துக்கலாம், அதனால அவங்க பணம் ஓரளவு சேஃப். உங்க பணம் சேஃபான்னு அவங்க யாரும் பார்க்கல, அது அவங்க வேலையும் இல்ல.

எரேமியா 29:11 நல்ல வசனம்தான், ஆனா அது பாபிலோனுக்கு சிறைபிடிச்சு கொண்டுபோனவங்களுக்கு எழுதின கடிதத்துல வருது. "அதே கடிதத்துல 5ம் வசனம் வீடு கட்டுங்கன்னு சொல்லுதே"ன்னு உங்க வீட்டுக்காரர் கேப்பார், சொல்லுது, ஆனா அதுக்கு முந்தின அதிகாரத்தையும் படிக்கச் சொல்லுங்க, அனனியான்னு ஒருத்தர் 2 வருஷத்துல எல்லாம் சரியாயிடும்னு கர்த்தர் பேர்லயே சொன்னார், எரேமியா சொன்னதோ 70 வருஷ சிறையிருப்பு. கேக்கறதுக்கு நல்லா இருந்தது அனனியா சொன்னது, நடந்தது எரேமியா சொன்னது.

சரி, கணக்குக்கு வரேன். வட்டி 9%, 20 வருஷம்னு வச்சுக்கோங்க, 100 கடன் வாங்கினா மொத்தமா கிட்டத்தட்ட 216 கட்டணும். ஃப்ளோட்டிங் ரேட்டா (இடையில ஏறி இறங்கற வட்டி) இருந்து அது ஆரம்பத்துலயே 11% ஆச்சுன்னா இஎம்ஐ சுமார் 15% ஏறிடும், இல்லன்னா வருஷத்தை நீட்டுவாங்க. ஏற்கனவே சம்பளத்துல பாதி போற வீட்டுல இந்த 15% எங்கிருந்து வரும்? எல்லா கடனும் சேர்ந்து வருமானத்துல மூணுல ஒரு பங்கை தாண்ட வேண்டாம்ங்கறது என் கருத்து, அதுவும் ஒருத்தர் சம்பளம் நின்னாலும் இன்னொருத்தர் சம்பளத்துல இஎம்ஐயும் சாப்பாடும் ஓடுமான்னு பார்த்துட்டு. கூடவே 6 மாச செலவுக்கான பணம் தனியா, ரெண்டு பேருக்கும் டேர்ம் பாலிசி, லோன் பாக்கியை அடைச்சு மிச்சத்துல குடும்பம் சில வருஷம் ஓடற அளவுக்கு. காணிக்கையை வெட்டி இஎம்ஐ கட்டற பிளான் இருந்தா அதையும் இப்பவே வெளிப்படையா பேசிடுங்க.

அவர்கிட்ட எப்படி பேசறதுன்னு கேட்டா, "வேண்டாம்"னு ஆரம்பிக்காதீங்க. "6 மாசம் இந்த இஎம்ஐ கட்டற மாதிரியே வாழ்ந்து பார்ப்போம், இப்ப குடுக்கற வாடகை போக மீதியை மாசம் ஒண்ணாம் தேதியே தனி அக்கவுன்ட்ல போடுவோம்"னு சொல்லுங்க. முடிஞ்சா எமர்ஜென்சி ஃபண்டும் ஆச்சு, பழக்கமும் ஆச்சு. முடியலன்னா அதுவும் ஒரு பதில்தான், வீட்டை வாங்கி பேங்க்கிட்ட பறிகொடுக்காமலே தெரிஞ்சுரும். இந்த வீடு போயிடுமேன்னு பயப்படுவார், ஆனா கர்த்தருடைய சித்தமா இருந்தா 6 மாசத்துல அது காலாவதி ஆயிடுமா என்ன? பெர்சியா ராஜாகிட்ட வேலை பார்த்த நெகேமியா, எருசலேம் அலங்கம் (மதில்) இடிஞ்சு கிடக்குன்னு கேள்விப்பட்டது கிஸ்லே மாசம், ராஜாகிட்ட வாய் திறந்தது நிசான் மாசம், நாலு மாசம் உபவாசம், ஜெபம். ஆனா ராஜா கேட்டப்ப எவ்வளவு நாள் ஆகும், யார் யாருக்கு கடிதம் வேணும், மரம் எங்கிருந்து வரணும் எல்லாம் ரெடியா வச்சிருந்தார். பவுலும் பித்தினியாவுக்கு போகத்தான் பார்த்தார், ஆவியானவர் விடல, துரோவாவுக்கு திரும்பிட்டார். அப்படி திரும்பற அளவுக்கு இடம் உங்க பட்ஜெட்லயும் இருக்கணும்.

ஒண்ணு மட்டும் நீங்க எழுதல, லோன்ல நீங்களும் கோ-அப்ளிகன்ட்டா, அதாவது கூட்டா கடன் வாங்கறவரா? ரெண்டு பேர் சம்பளம்னு சொல்றதால அப்படித்தான் இருக்கும்னு நினைக்கறேன். அப்படின்னா பாதிக்கு மட்டும் நீங்க பொறுப்புன்னு நினைச்சுடாதீங்க, பொதுவா கோ-அப்ளிகன்ட்கிட்ட முழு பாக்கியையும் கேக்க முடியும். அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அக்ரிமென்ட்டை முழுசா படிங்க, முக்கியமா ரேட் எப்ப மாறும், முன்கூட்டியே கட்டினா சார்ஜ் உண்டா, ரெண்டு மாசம் தவறினா என்ன ஆகும்ங்கற பக்கங்களை.