17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவவாதி தேக்கார்த்தை ஆராய்ந்த பிரெஞ்சுத் தத்துவ வரலாற்றாசிரியர் எத்தியேன் ஜில்சோன், 13-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவைனாஸின் அறிஞர் ஆனது எப்படி?

தேக்கார்த் தான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களில் கிரேக்கர்களுக்கு அப்புறம் நேராக தேக்கார்த், நடுவில் ஒன்றுமே இல்லை என்பது போலத்தான் தத்துவப் பாடம் நடந்தது. ஜில்சோனிடம், தேக்கார்த் ஸ்கொலாஸ்டிக் மரபிலிருந்து (இடைக்காலப் பல்கலைக்கழகங்களின் கிறிஸ்தவத் தத்துவ மரபு) எதையெல்லாம் எடுத்தார் என்று ஆராயச் சொன்னவர் ஆசிரியர் லெவி-புரூல். தேடிப் போனவர், எடுத்த கருத்துகள் அக்குவைனாஸ் போன்ற பழையவர்களிடமே இன்னும் செழிப்பாக இருந்தன என்ற முடிவுக்கு வந்தார்.

1913-ல் ஆய்வேடு. முதல் உலகப் போரில் வெர்டனில் பிடிபட்டு ஜெர்மன் முகாம்களில் கைதியாக இருந்தார், பிறகு ஸ்ட்ராஸ்பூர், சோர்போன் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர், 1932-ல் பாரிஸின் கொலேஜ் த பிரான்ஸ் என்ற உயர்கல்வி நிறுவனத்தில். என்னைக் கேட்டால் இந்தப் பதவிகளைவிடப் பெரிய விஷயம் 1929-ல் டொராண்டோவில் அவர் முன்நின்று தொடங்கிய இடைக்கால ஆய்வு நிறுவனம். மூலநூல்களை அவை எழுதப்பட்ட காலத்தின் வரலாறு, இறையியலோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

மெய்யியலில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: ஒரு பொருள் 'என்ன' என்பது வேறு, அது 'இருக்கிறது' என்பது வேறு. அக்குவைனாஸ் இந்த இருத்தலையே எல்லாவற்றுக்கும் அடிப்படையாக வைத்தார், பின்னால் வந்த பலர் 'என்ன' என்ற சாரத்தையே பிடித்துக்கொண்டு இருத்தலைக் கோட்டைவிட்டார்கள் என்பது அவர் வாதம். இதை ஏற்காத அக்குவைனாஸ் அறிஞர்களும் உண்டு.