முதல் வாக்குமூலத்துக்கு முன்பே வழக்கறிஞர்

கேள்வி: என் தம்பி வேலை பார்க்கும் நிறுவனத்தில் பணக் கையாடல் நடந்ததாகப் புகார் எழுந்து, அவனைக் காவல் துறையினர் விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். "நான் தவறு செய்யவில்லை, இப்போதே வக்கீலோடு போனால் என் மீதே சந்தேகம் வரும். வழக்குப் போட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறான். அவன் சொல்வது சரியா?

பதில்: மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்ற தைரியத்தில் பலர் தனியாகப் போய் உட்கார்ந்து, கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறார்கள். "அன்று எத்தனை மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பினீர்கள்?" என்ற கேள்விக்கு உங்கள் தம்பி யோசிக்காமல் "ஏழு மணி இருக்கும்" என்று சொல்லி, வாயிற்கதவின் பதிவேடு எட்டரை என்று காட்டினால், மறதியால் வந்த அந்த வித்தியாசம் பொய்யாகவே பார்க்கப்படும். பிற்பாடு எவ்வளவு திறமையான வழக்கறிஞரை அமர்த்தினாலும், முதல் நாள் சொன்னதை மாற்றிச் சொல்வதற்கே அவர் விளக்கம் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

வழக்கறிஞரை நாடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. குற்றம் சாட்டப்பட்டவர் தாம் தேர்ந்தெடுத்த வழக்கறிஞரோடு கலந்து பேசவும், தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தப்படாமல் இருக்கவும் உரிமை உண்டு என்று, ஐ.நா. 1966-இல் ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு கூறுகிறது. காவல் துறையின் முதல் விசாரணையிலிருந்தே வழக்கறிஞரின் உதவி கிடைக்க வேண்டும் என்பதைப் பொது விதியாக, 2008-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் வகுத்தது. விசாரணை அறையில் அவர் உடனிருக்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அனுமதி இல்லாத இடத்திலும், முன்னதாகவே அவரிடம் ஆலோசனை பெற்றுக்கொண்டு செல்லலாம்.

தம்பிக்குச் சாதகமான சான்றுகளும் காத்திருக்கப் போவதில்லை. கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்து, அவற்றின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். அவற்றைப் பாதுகாக்கும்படி உடனே எழுத்தில் கேட்க வழக்கறிஞர் வேண்டும். அதுவரை, பயத்தில் கைப்பேசிச் செய்திகளை அழிப்பதோ, புகார் கொடுத்தவரிடம் சமாதானம் பேசப் போவதோ வேண்டாம். முன்னது தடயத்தை அழித்ததாகவும், பின்னது சாட்சியை மிரட்டியதாகவும் திரும்பக்கூடும்.

குடும்பச் சொத்துப் பத்திரங்களைப் பார்க்கும் வழக்கறிஞர் நல்லவராக இருக்கலாம். இதற்குக் குற்றவியல் வழக்குகளை நடத்திப் பழகியவரே தேவை. அவரிடம் சங்கடமான விஷயங்களையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். விசாரணை நாள் நெருங்கிவிட்டதென்றால் அவர் மூலம் அவகாசம் கேட்கலாம். பதிலே சொல்லாமல் போகாமல் மட்டும் இருந்துவிட வேண்டாம்.