காலி கட்டங்கள் – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம் சார். ரத்தநாள அறுவை சிகிச்சையில் இரண்டாம் ஆண்டுப் பயிற்சியில் இருக்கிறேன். ரத்த ஓட்டம் குறைந்து காலையே இழக்கும் நிலையில் வருகிறவர்களுக்கு பைபாஸ் நல்லதா, ஆஞ்சியோபிளாஸ்டி நல்லதா என்று எங்கள் பிரிவின் 5 வருடக் கேஸ் ஷீட்டுகளை வைத்து ஒப்பிடச் சொல்லியிருக்கிறார் கைடு. 11 மாதம் ஓடிவிட்டது. 312 பேரில் 140 பேரின் விவரம்தான் எக்செலில் ஏறியிருக்கிறது. அதிலும் பாதிக் கட்டங்கள் காலி. வாரத்தில் இரண்டு இரவு டூட்டி, மூன்று நாள் தியேட்டர், மற்ற நாளில் ஓ.பி. டூட்டி முடிந்த மதியம் லேப்டாப்பைத் திறந்தால் கண் சொருகுகிறது. ஒரு வருடம் சிகிச்சைப் பணியிலிருந்து விலகி ஆய்வை மட்டும் செய்யலாமா, அல்லது ஆய்வே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? சீனியர்களைக் கேட்டால் "நேரத்தைச் சரியாகத் திட்டமிடு" என்கிறார்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டாக்டருக்கு,

வாரத்துக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்தாலும் இந்த ஆய்வு முடியாது. நேரம் இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை அந்தக் காலி கட்டங்கள்.

உங்கள் பிரிவில் யாருக்கு பைபாஸ் செய்கிறார்கள்? அடைப்பைத் தாண்டிப் பாலமாக வைக்கத் தொடையில் நல்ல சஃபீனஸ் சிரை உள்ளவருக்கு, மயக்க மருந்தைத் தாங்கும் இதயம் உள்ளவருக்கு. சிரை சரியில்லாதவர், சிறுநீரகம் செயலிழந்தவர், வயது மிக முதிர்ந்தவர், பலூனால் அடைப்பை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் போகிறார். ஒரு வருடம் கழித்து இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டால், சிகிச்சைகளுக்கு இடையிலான வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது. எந்த நோயாளியை எதற்கு அனுப்பினீர்கள் என்பதுதான் தெரியும். இதைப் புள்ளியியலால் ஓரளவு சரிக்கட்டலாம், அதற்கு வேண்டிய விவரங்கள் பதிவாகியிருந்தால். உங்கள் ஷீட்டில் காலியாகக் கிடப்பவை அநேகமாக அவையேதான்: சிரையின் விட்டம், பாத விரலின் ரத்த அழுத்தம், புண்ணின் ஆழம்.

இதே கேள்வியைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. 2022-இல் வெளியான பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வில் 1830 பேர். நல்ல சஃபீனஸ் சிரை இருந்தவர்களுக்கு அதில் பைபாஸ் முந்தியது. 2023-இல் வந்த பேசில்-2 ஆய்வில் 345 பேர், முழங்காலுக்குக் கீழே சிகிச்சை தேவைப்பட்டவர்கள். அதில் ஆஞ்சியோபிளாஸ்டி முந்தியது. நோயாளித் தேர்வு, நோய் இருந்த இடம், எதை முடிவாக எண்ணினார்கள் என்று எல்லாமே வேறு என்பதால் இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இதை 312 பழைய கேஸ் ஷீட்டுகள் தீர்த்துவைக்கப் போவதில்லை. உங்கள் கைடுக்கும் இது தெரிந்திருக்கும். கையில் கேஸ் ஷீட் இருக்கிறது, பயிற்சி மருத்துவர் இருக்கிறார் என்பதால் பிறக்கும் தலைப்பு இது.

காலி கட்டம் வெறும் இல்லாமையல்ல என்பதையும் பாருங்கள். விரல் அழுத்தம் யாருக்கு அளக்கப்படாமல் போகும்? நடு இரவில் சீழோடும் காய்ச்சலோடும் வந்து நேரே தியேட்டருக்குப் போனவருக்கு. அளவு இல்லாதவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால், மிக மோசமாக வந்தவர்களையே நீக்கிவிடுகிறீர்கள். காலியிடத்தில் 0 போடுவதும் "நார்மல்" என்று எழுதுவதும் அதைவிட மோசம். செய்யவில்லை, செய்தார்கள் ஆனால் எழுதவில்லை, இவருக்குப் பொருந்தாது – இந்த மூன்றுக்கும் மூன்று தனிக் குறியீடு வையுங்கள்.

அப்படியானால் அந்த 140 பேர் வீணா? இல்லை. கேஸ் ஷீட்டில் பெரும்பாலும் காலியாக இருக்காதவை தேதிகள். புண்ணோடு முதலில் வந்த தேதி, ஸ்கேன் எடுத்த தேதி, ரத்த ஓட்டத்தைச் சீராக்கிய தேதி. இந்த மூன்றை வைத்து, வந்ததிலிருந்து சிகிச்சை வரை எத்தனை நாள் போனது, எந்தக் கட்டத்தில் தேங்கியது என்று ஒரு தணிக்கை செய்யலாம். இதற்குக் கேஸ் ஷீட் ஒன்றுக்குப் பத்து நிமிடம் போதும். தாமதம் ஸ்கேனிலா, இதய மருத்துவரின் ஒப்புதலுக்குக் காத்திருந்ததிலா, தியேட்டர் கிடைக்காததிலா என்று தெரிந்தால் பிரிவு அதை மாற்றலாம். ஆறு மாதம் கழித்துத் திரும்ப அளந்தால் தணிக்கை முழுச் சுற்று வந்துவிடும். ஒன்று மட்டும்: சிகிச்சைக்கு முன்பே கால் எடுக்கப்பட்டவர்களும் இறந்தவர்களும் பட்டியலில் இருக்க வேண்டும். தியேட்டர் பதிவேட்டிலிருந்து மட்டும் பெயர் எடுத்தால் அவர்கள் விடுபட்டுப் போவார்கள். தாமதத்தால் அதிகம் பாதிக்கப்பட்டவர்களே அவர்கள்தான்.

புதிதாக ஒரு ஆய்வு தொடங்குவதானால், விடை உங்கள் பயிற்சிக் காலத்துக்குள் வரும் கேள்வியாக எடுங்கள். ஒரு வருடக் கால் காப்பு விகிதம் (கால் எடுக்கப்படாமல் தப்பியவர்கள் எத்தனை சதவீதம்) வேண்டுமென்றால் ஆள் சேர்க்க ஒரு வருடம், கடைசி ஆளைப் பின்தொடர இன்னொரு வருடம், முன்னால் நெறிமுறைக் குழு, பின்னால் கணக்கும் எழுத்தும். அதற்குள் நீங்கள் பயிற்சி முடித்துப் போயிருப்பீர்கள். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த ஃபிஸ்டுலா முதிர்கிறதா என்பதற்கு 6 வாரத்தில் விடை தெரியும். நிமிடத்துக்கு 600 மி.லி. ஓட்டம், 6 மி.மீ. விட்டம், தோலிலிருந்து 6 மி.மீ.க்கு மிகாத ஆழம் என்று அளவுகோலும் கையில் இருக்கிறது. கவட்டைக் காயத்தில் தொற்று வருகிறதா என்பதற்கு 30 நாள். இப்படிப்பட்ட கேள்விகள் சின்னவைதான், ஆனால் முடிபவை.

எண்ணிக்கையையும் முதலிலேயே போட்டுப் பாருங்கள். கவட்டைத் தொற்று 30 சதவீதத்திலிருந்து 20-க்குக் குறைகிறதா என்று பார்க்க, வழக்கமான 80 சதவீதத் திறனும் (இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) 5 சதவீதப் பிழை வரம்பும் (இல்லாத வித்தியாசத்தைக் காணும் வாய்ப்பு) வைத்தால், ஒவ்வொரு குழுவுக்கும் சுமார் 293 பேர், மொத்தம் 586 பேர் வேண்டும். உங்கள் பிரிவில் மாதம் 15 கவட்டை வெட்டு என்றால் 39 மாதம், அதுவும் ஒருவர் விடாமல் சம்மதித்தால். இந்தக் கணக்கு அரை மணி நேர வேலை. இதைப் போடாமல் தொடங்கி, இரண்டு வருடம் கழித்து "எண்ணிக்கை போதாததால் வித்தியாசம் தெரியவில்லை" என்று எழுதி முடிக்கும் தீசிஸ்கள் ஏராளம். எண்ணிக்கை எட்டாது என்றால் இன்னொரு மையத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது ஒப்பிடுவதை விட்டு விவரிக்கும் ஆய்வாக மாற்றுங்கள்.

இனி டூட்டியையும் ஆய்வையும் சேர்க்கும் இடத்துக்கு வருகிறேன். தகவலை டூட்டி முடிந்தபின் தேடக் கூடாது. டூட்டிக்குள்ளேயே, நோயாளியைப் பார்க்கும் கையாலேயே அது பதிவாக வேண்டும். ஒரு பக்கப் படிவம், 20 முதல் 25 கட்டம். வார்டில் நிரப்ப இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. முதலில் 10 நோயாளிகளிடம் சோதியுங்கள். நான்கு பேருக்கு மேல் காலியாக வரும் கட்டத்தை நீக்கிவிடுங்கள், அல்லது ஏன் காலியாகிறது என்று கண்டுபிடியுங்கள். பல சமயம் காரணம் சிறியது: விரல் அழுத்தம் அளக்கும் சின்னக் கஃப் (காற்றுப்பட்டை) ஓ.பி. அலமாரியில் பூட்டிக் கிடக்கும்.

புண், ரத்த ஓட்டக் குறைவு, தொற்று மூன்றுக்கும் 0 முதல் 3 வரை தரம் போடும் 2014-ஆம் வருடத்து ‘வைஃபை’ வகைப்பாடு (இணைய இணைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) முதல் பரிசோதனையிலேயே எழுதப்பட வேண்டும். அறுவைக்குப் பின் நினைவிலிருந்து எழுதினால், முடிவு தெரிந்த மனம் தரத்தை நகர்த்திவிடும். கணுக்கால்–கை அழுத்த விகிதத்தை மட்டும் எழுதாதீர்கள். பாதத்தின் இரண்டு தமனிகளிலும் கிடைத்த அழுத்தம், இரண்டு கையின் அழுத்தம் என்று நான்கு எண்களையும் எழுதுங்கள். கணுக்காலில் எது அதிகமோ அதைக் கையில் எது அதிகமோ அதனால் வகுப்பது வழக்கம். சிலர் குறைந்ததை எடுத்து வகுப்பார்கள், மூல எண் இருந்தால் பின்னால் திருத்தலாம். விகிதம் 1.40-ஐத் தாண்டினால் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கஃபுக்கு மசியவில்லை என்று பொருள். நீரிழிவுக்காரர்களிடம் சகஜம். அப்போது விரல் அழுத்தம் கட்டாயம். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே என்றால் ஓட்டக் குறைவின் தரம் 3, அதாவது மிக மோசம்.

தியேட்டர் பகுதியை, ஆபரேஷன் குறிப்பு எழுதும் அதே நாற்காலியில் உட்கார்ந்து நிரப்புங்கள்: சிரையின் விட்டம், கீழ் இணைப்பு எந்தத் தமனியில், பாதம் வரை ஓடும் தமனிகள் எத்தனை, முடித்ததும் ஓட்டத்தை எப்படிச் சோதித்தீர்கள். வார்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தது எழுதப்படாது.

வரையறைகளைப் படிவத்தின் பின்பக்கத்தில் அச்சிடுங்கள். "கிராஃப்ட் (பைபாஸுக்கு வைத்த குழாய்) திறந்திருக்கிறது" என்றால் போதாது. எந்தத் தலையீடும் இன்றித் திறந்திருப்பது வேறு, அடைக்கும் முன் குறுக்கத்தைச் சரிசெய்து காப்பாற்றியது வேறு, அடைத்தபின் திறந்தது வேறு. மூன்றையும் கலந்தால் வேறு எந்த ஆய்வோடும் ஒப்பிட முடியாது. ஒருவருக்கு இரண்டு காலிலும் சிகிச்சை நடந்தால் அவரை இரண்டு தனி நோயாளியாக எண்ணாதீர்கள். இரண்டு காலுக்கும் ஒரே இதயம், ஒரே சர்க்கரை, ஒரே புகைப் பழக்கம்.

சேர்க்கும் நாளிலேயே இரண்டு தொலைபேசி எண் வாங்குங்கள், ஒன்று உறவினருடையது. திரும்பி வராதவர் நலமாக இருக்கிறார் என்று கொள்ள முடியாது. இறந்திருக்கலாம், வேறிடத்தில் காலை எடுத்திருக்கலாம். பாக்லிடாக்சல் மருந்து தடவிய பலூனும் ஸ்டென்டும் இறப்பைக் கூட்டுகின்றன என்று 2018-இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னதும் உலகம் முழுக்கப் பயன்பாடு சரிந்தது நினைவிருக்கும். தொடர்பு விட்டுப்போனவர்களில் பலர் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிச் சேர்த்தபோதே அந்த அபாய மதிப்பு இறங்கியது. கூடுதல் ஆய்வுகளையும் நீண்டகாலத் தரவையும் பார்த்தபின், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் விடுத்த எச்சரிக்கையை 2023-இல் தளர்த்தியது. ஒரு தொலைபேசி அழைப்புக்கு அவ்வளவு எடை உண்டு.

வாரம் ஒரு முறை, மாறாத ஒரு கிழமையில், அரை மணி நேரம் படிவங்களைச் சரிபாருங்கள். ஒரு வாரத்துக்குள் கண்ட ஓட்டையை அடைக்கலாம், நோயாளி இன்னும் கட்டிலில் இருப்பார். பத்தில் ஒரு படிவத்தை வேறொருவர் மீண்டும் ஏற்றட்டும். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தால் உங்கள் பிழை விகிதம் தெரிந்துவிடும்.

நேரத்துக்கு வருகிறேன். இரவு டூட்டி முடிந்த மதியம் லேப்டாப்பைத் திறக்காதீர்கள், தூங்குங்கள். அந்த நேரத்தில் ஏற்றிய எண்ணில் புள்ளி இடம் மாறும், இடது கால் வலது காலாகும். அதைக் கண்டுபிடிக்க ஆகும் நேரம், ஏற்றிய நேரத்தைவிட அதிகம். இரண்டு கேஸ்களுக்கு நடுவே கிடைக்கும் பதினைந்து நிமிடத்துக்குத் தொலைபேசி விசாரிப்பு, விடுபட்ட ஒரு ரிப்போர்ட்டைத் தேடுவது போன்ற உதிரி வேலைகளை எழுதி வைத்திருங்கள். யோசிக்கும் வேலைக்கு வாரம் இரண்டு முறை 90 நிமிடம், நன்றாகத் தூங்கி எழுந்த காலையில். அந்த 90 நிமிடம் உங்கள் டூட்டி போன் யார் கையில் இருக்கும் என்று பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். பதிலுக்கு நீங்கள் அவருடைய போனை வேறொரு நாள் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் எழுதாத "ஆய்வு நேரம்" முதல் அவசர கேஸிலேயே கரைந்துவிடும். அவசரப் பிரிவு முறை வரும் மாதத்தில் ஆய்வுக்கு எதையும் திட்டமிடாதீர்கள், வாரச் சரிபார்ப்பைத் தவிர.

புள்ளியியலாளரைத் தகவல் சேர்த்த பின் போய்ப் பார்ப்பது, பிரேதப் பரிசோதனைக்கு அழைப்பது போல. தொடங்கும் முன், எண்கள் இல்லாத வெற்று அட்டவணையோடு போங்கள். எங்கள் நோயாளிகளிடம் இறப்பு அதிகம் என்பதை அவரிடம் சொல்லுங்கள். இறந்தவருக்கு இனிக் கால் எடுக்க நேராது. அதைக் கணக்கில் கொள்ளாத கப்லான்–மையர் வரைகோடு (எத்தனை நாளில் எத்தனை பேருக்கு நேர்ந்தது என்று காட்டும் கோடு) கால் இழப்பை மிகைப்படுத்தும். "மூன்று மாதம் நடைப்பயிற்சி செய்தவர்கள் நீண்ட நாள் இருந்தார்கள்" என்ற வகை முடிவையும் அவர் பிடித்துவிடுவார். மூன்று மாதம் பயிற்சி செய்ய மூன்று மாதம் உயிரோடு இருந்தாக வேண்டும் அல்லவா.

உங்களுக்காகப் படிவம் நிரப்பும் சக மருத்துவர்களுக்கு என்ன இடம் என்பதை இப்போதே எழுத்தில் வைத்துவிடுங்கள். தகவல் சேர்த்தது மட்டும் ஆசிரியர் பெயருக்குப் போதாது. எழுதவும் திருத்தவும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்து பொறுப்பேற்கவும் அவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தால் தகுதி வந்துவிடும்.

தனியாக ஒரு வருடம்? ஆய்வகத்தில் செல் வளர்ப்பு, விலங்கு மாதிரி போன்றவை என்றால் வேறு வழியில்லை, அவற்றை டூட்டிக்கு நடுவே செய்ய முடியாது. வழிகாட்டி இருந்து, கேள்வி முடிவாகி, நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வந்தபின் அந்த வருடம் தொடங்க வேண்டும். இல்லையென்றால் முதல் பாதி அனுமதிக்குக் காத்திருப்பதிலேயே போகும். வாரம் ஒரு நாளாவது தியேட்டரை விடாதீர்கள், 6-0 என்ற மெல்லிய நூல் தையலில் விரல் சீக்கிரம் மந்தமாகிவிடும். இப்போதைய கேள்வியோடு, களைப்பிலிருந்து தப்பிக்க அந்த வருடத்தை எடுப்பதானால் வேண்டாம் என்பேன். அதே காலி கட்டங்கள்தான் அங்கேயும் உங்களோடு வரும்.

கைடிடம் போகும்போது 140 பேரின் அந்த மூன்று தேதிகளை ஒரே பக்கத்தில் அட்டவணையாக்கி எடுத்துப் போங்கள், எந்தக் கட்டம் எத்தனை பேருக்குக் காலி என்ற எண்ணிக்கையையும் சேர்த்து. ஆய்வை விடுவதாகச் சொல்ல வேண்டாம், கேள்வியை மாற்ற அனுமதி கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் நெறிமுறைக் குழுவுக்குத் திருத்த மனு போக வேண்டும், பழைய அனுமதி புதிய கேள்விக்குச் செல்லாது. அந்தப் பதில் வந்தபின் மீதி 172 கேஸ் ஷீட்டுகளைத் திறங்கள்.