ரஸ்ட் நிரல்மொழி கேள்வி பதில்: ஸ்ட்ரக்டுக்குள் ரெஃபரன்ஸ் வைக்கலாமா?

மன்னார்குடியிலிருந்து: அக்கா, நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டைக் கணக்கு எழுதுகிறேன். ஸ்ட்ரக்டில் (பல தகவல்களை ஒன்றாகக் கட்டும் வகை) விவசாயி பெயரை ஸ்ட்ரிங் ஸ்லைஸாக (வேறிடத்தில் உள்ள எழுத்துகளைச் சுட்டும் ரெஃபரன்ஸ்) வைத்தேன், ஈ0106 பிழை வந்தது. டிக்-ஏ ('a) என்று லைஃப்டைம், அதாவது ரெஃபரன்ஸின் ஆயுளைக் குறிக்கும் பெயர், போட்டேன். இப்போது ஈ0597 வருகிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு பிழை, தம்பி. முதலில் கம்பைலர் கேட்டது, இந்த ரெஃபரன்ஸ் யாரை நம்பி இருக்கிறது என்று எழுதச் சொல்லி. எழுதிவிட்டீர்கள். ஆனால் டிக்-ஏ எதன் ஆயுளையும் நீட்டாது. குறுவைக்கு மட்டும் குத்தகைக்கு எடுத்த வயலில், சீட்டில் தாளடியையும் நாமே எழுதிக்கொண்டால் ஆகுமா?

உங்கள் லூப்பைப் பாருங்கள். கோப்பிலிருந்து ஒரு வரியைப் படிக்கிறீர்கள், கமாவில் பிரித்துப் பெயரை எடுக்கிறீர்கள், பதிவை வெக்டரில் (வளரும் பட்டியல்) தள்ளுகிறீர்கள். சுற்று முடிந்ததும் அந்த வரி டிராப் ஆகி, மெமரியிலிருந்து போய்விடுகிறது. வெக்டரோ லூப்புக்கு வெளியே இருக்கிறது, அதனால்தான் ஈ0597. பெயரை, எழுத்துகளைச் சொந்தமாக வைத்திருக்கும் ஸ்ட்ரிங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். 64 பிட் கணினியில் ஸ்லைஸுக்கு 16 பைட், ஸ்ட்ரிங்குக்கு 24 பைட், கூடவே ஹீப் மெமரியில் பெயரின் எழுத்துகள். ஒரு நிலையத்தின் கணக்குக்கு இது பெரிய செலவே இல்லை.

கும்பகோணத்திலிருந்து: அப்படியென்றால் ரெஃபரன்ஸே வைக்கக் கூடாதா?

பதில்: தாராளமாக வைக்கலாம். முழுக் கோப்பையும் ஒரே ஸ்ட்ரிங்கில் படித்து, அதன்மேல் ஓடும் பார்சருக்கு அதுதான் சரி. வந்த வேலை முடிந்ததும் போய்விடும் ஸ்ட்ரக்ட் கடன் வாங்கலாம். நாள் முழுக்க இருக்கப்போவது சொந்தமாக வைத்திருக்கட்டும்.

திருவாரூரிலிருந்து: விவசாயிகள் வெக்டரும், அவர்களைக் காட்டும் டோக்கன் வரிசையும் ஒரே ஸ்ட்ரக்டில் வேண்டும். எப்படி எழுதினாலும் பாரோ செக்கர் (கம்பைலரில் கடனைச் சரிபார்க்கும் பகுதி) விடமாட்டேன் என்கிறது.

பதில்: அது விடாமல் இருப்பதே நல்லது. ஒரு ஃபீல்டு இன்னொரு ஃபீல்டைக் கடன் வாங்குவதை லைஃப்டைமால் உருப்படியாகச் சொல்ல வழியில்லை. நான் சி++ஸில் இதையே செய்து மாட்டியிருக்கிறேன். 64 பெயர் வரை ஒழுங்காக ஓடியது. 65ஆவது பெயரைச் சேர்த்ததும் வெக்டர் இடம் போதாமல் வேறு இடத்துக்குப் போய்விட்டது, பழைய பாயிண்டர்கள் எல்லாம் குப்பை எழுத்தைக் காட்டின. இரண்டு ராத்திரி தேடினேன். ரஸ்ட் அதைக் கம்பைல் நேரத்திலேயே பிடித்துக் கொடுக்கிறது.

டோக்கனில் ரெஃபரன்ஸுக்குப் பதில் வெக்டரின் இன்டெக்ஸை, அதாவது வரிசை எண்ணை, வையுங்கள். பட்டாவில் வயலையா ஒட்டி வைக்கிறோம்? புல எண்தானே இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: நடுவில் ஒருவரை நீக்கினால் பின்னால் இருப்பவர்களின் எண் மாறிவிடும், டோக்கன் வேறொருவரைக் காட்டும். இதைக் கம்பைலர் பிடிக்காது. நீக்கும் வேலை உண்டென்றால் ஸ்லாட்மேப் கிரேட்டை (ஒருவரை நீக்கினாலும் மற்றவர்களின் சாவி மாறாத நூலகம்) பயன்படுத்துங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து: ஆர்சி (Rc, ஒரே தரவைப் பலர் பகிர்ந்து வைத்திருக்கும் பாயிண்டர்) போட்டால் போதாதா?

பதில்: ஒரே தரவு பலருக்குச் சொந்தம் என்றால் போடலாம். த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) வந்தால் ஆர்க் (Arc). ஒன்றையொன்று ஆர்சியாகப் பிடித்துக்கொண்டால் மெமரி விடுபடாது. அங்கே ஒரு பக்கம் வீக் (Weak, சொந்தம் கொண்டாடாத பாயிண்டர்) வேண்டும்.