ஒன்றுமில்லை

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 41. எட்டு மாதமாகக் கழுத்தும் தோளும் இறுகிப்போய் வலிக்கின்றன. மதியத்துக்கு மேல் பின்மண்டையில் தலைவலி ஆரம்பிக்கும். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாகிவிட்டது. "ஒன்றுமில்லை, ஸ்ட்ரெஸ்தான்" என்கிறார் டாக்டர். அலுவலகத்தில் பொறுப்பு கூடியிருக்கிறது. பக்கவாதம் வந்த மாமனாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். வாரத்தில் நான்கு நாள் வலி மாத்திரை போட்டுத்தான் ஓட்டுகிறேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அவரவர் பாடே பெரும்பாடாக இருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா? யோகா நல்லதா, தியானம் நல்லதா? எல்லாம் என் மனப்பிரமையோ என்றுகூடத் தோன்றுகிறது. போன வாரம் என் மகன் அவனுடைய அத்தையிடம் ஃபோனில், "அம்மா எப்பவும் கோபமாவே இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் யார் மேலும் கோபமாக இல்லை, ஐயா.

வி.

அன்புள்ள வி,

யோகாவா தியானமா என்றால், எது உங்களுக்குப் பிடிக்கிறதோ அது. இரண்டும் பிடிக்காவிட்டால் தினமும் அரை மணி நேரம் நடங்கள். வேலையை விடுவது பற்றி நான் சொல்லக் கூடாது, உங்கள் வீட்டு வரவு செலவு எனக்குத் தெரியாது. வலி தாங்காத ஒரு மாலையில் மட்டும் அந்த முடிவை எடுத்துவிடாதீர்கள்.

மனப்பிரமை இல்லை. டாக்டர் சொன்ன "ஒன்றுமில்லை"க்கு அர்த்தம், எலும்பு முறியவில்லை, கட்டி இல்லை, தொற்று இல்லை என்பது. வலி இல்லை என்பதல்ல. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, வேறு எந்த நோயின் கணக்கிலும் சேராவிட்டால், அந்த வலியே ஒரு நோய்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறையில் இருக்கும் 11ஆம் பதிப்பில், அதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று சேர்த்தே எழுதியது. மாதக்கணக்கில் பதற்றத்தில் இருக்கும் உடம்பில் தசை முழுதாகத் தளர்வதே இல்லை. தூக்கம் குறைந்தால் அதே வலி இன்னும் பெரிதாகத் தெரியும், வலி பெரிதானால் மறுபடி தூக்கம் போகும். நரம்புகளும் நாளாக ஆகச் சின்னத் தொந்தரவுக்கே அலறப் பழகிவிடும். இதில் எதுவும் ஸ்கேனில் விழாது.

மாத்திரை விஷயத்தில் உங்கள் மேல் எனக்குக் கோபம். வாரத்துக்கு நான்கு நாள் என்றால் மாதம் 16, 17 நாள் ஆகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? தலைவலி உள்ளவர்கள் சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால், அந்த மாத்திரையாலேயே தலைவலி வரலாம். ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து சேர்ந்த கலவை மாத்திரை என்றால் 10 நாளே அதிகம். இந்த எண்ணிக்கையை உங்கள் டாக்டரிடம் சொல்லியிருக்கவே மாட்டீர்கள். இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று. கை மரத்தாலோ பலம் குறைந்தாலோ, இதுவரை வராத மாதிரி தலைவலி திடீரென்று உச்சத்துக்குப் போனாலோ, அன்றைக்கு ஸ்ட்ரெஸ் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்காகத்தான். "அம்மா எப்பவும் கோபமாவே இருக்காங்க."

என் அம்மா படுக்கையில் இருந்த காலத்தில் எனக்குத் தாடையில் வலி. காதுக்குக் கீழே ஆரம்பித்து நெற்றிப்பொட்டு வரை இழுக்கும். பகலில் வேலை, ராத்திரி அம்மா. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். யாராவது கேட்டால் "ஒண்ணுமில்லை" என்பேன். அதைப் பெருமையாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாத்திரை கொடுத்துத் தண்ணீர் டம்ளரை அம்மா வாயருகே பிடித்தபோது, அவர் குடிக்காமல் என் முகத்தையே பார்த்தார். "ஏன்டா பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறே? நான் பாரமாயிட்டேனா?" என்றார். அப்போதும் என் வாயில் "ஒண்ணுமில்லைம்மா"தான் வந்தது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுவாரம் பல் டாக்டரிடம் போனேன். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. அவர் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப உங்க மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கிட்டு இருக்கா?" என்று கேட்டார். ஒட்டியிருந்தன. வாய் மூடியிருக்கும்போது உதடுகள் சேர்ந்திருக்கலாம், பற்கள் சேரக் கூடாது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஃபோனிலும் கண்ணாடியிலும் மேஜையிலும் சின்னச் சிவப்புப் பொட்டு ஒட்டச் சொன்னார். பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைப் பிரித்துவிட வேண்டும். முதல் நாள் பார்த்தபோதெல்லாம் இறுகித்தான் இருந்தது. நான் மறைத்துக்கொண்டிருந்ததாக நினைத்த வலி, மாதக்கணக்கில் என் முகத்தில் கோபமாக நின்றிருக்கிறது. அதை அம்மா தன் மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

வி, டாக்டர் சொன்ன "ஒன்றுமில்லை" உங்களுக்கு எவ்வளவு வலித்தது! அதையேதான் நீங்கள் எட்டு மாதமாக வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அவரவர் பாடு பெரும்பாடு என்று விட்டுக்கொடுப்பதாக நினைக்கிறீர்கள். உங்கள் பையன் ஏறிய தோளையும் சுருங்கிய புருவத்தையும் பார்க்கிறான், காரணம் தெரியவில்லை, தானே ஒரு காரணம் கட்டிக்கொள்கிறான். பெரும்பாலும் அது அவனைப் பற்றியதாகத்தான் இருக்கும். இது தியாகம் இல்லை, அம்மா. தயவுசெய்து நிறுத்துங்கள். இன்றைக்கு ராத்திரி அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, கழுத்தில் எந்த இடம் என்று அவன் விரலைப் பிடித்து வைத்துக் காட்டுங்கள். "வலிக்குதுடா, கோபமில்லை" என்று சொல்லுங்கள். தோள் காது வரை ஏறியிருந்தால் சொல்லு என்று அவனுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். கணவரிடமும் சொல்லுங்கள். மாமனாரைத் தூக்கி உட்காரவைப்பது யார் யாருடைய முறை என்று அப்போதுதான் பேச முடியும்.

நான் அம்மாவிடம் அன்று இரவே சொன்னேன். சிவப்புப் பொட்டையும் காட்டினேன். அதற்குப் பிறகு பொட்டு தேவைப்படவே இல்லை. புரட்டிவிடக் குனியும்போதும், போர்வையை இழுத்துவிடும்போதும், கண்ணைத் திறக்காமலே "பல்லு" என்பார். நான் பல்லைப் பிரிப்பேன். பேச்சு குழறத் தொடங்கிய பிறகும், எனக்குக் கடைசி வரை தெளிவாகப் புரிந்த சொல் அதுதான்.